கம்பெனி ஸ்டீரியோவே போதுமா, பெரிய திரைக்கு மாறலாமா?

வண்டி நன்றாக ஓடுகிறது, இன்ஜினில் குறை இல்லை, டயரும் மாற்றியாகிவிட்டது. டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவைப் பார்த்தால்தான் வண்டிக்கு வயதானது தெரிகிறது. ஏழெட்டு வருடம் ஓடிய சின்னக் கார் வைத்திருப்பவர்கள் பலர் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். கம்பெனியிலிருந்து வந்த செட்டையே வைத்துக்கொள்வதா, அதோடு ஒரு சின்னக் கருவியைச் சேர்ப்பதா, இல்லை கழற்றிவிட்டு ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு திரை போடுவதா?

ஆக்சசரீஸ் கடையில் கேட்டால் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டும் செய்தியும் கேட்க வேண்டும், வரும் போனுக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்பவருக்குக் கம்பெனி செட் போதும். தேவைப்பட்டால் ஒரு புளூடூத் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய திரை சிலருக்கு உண்மையாகவே உதவும். அது யாருக்கு என்பதையும் பிறகு சொல்கிறேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கண் சாலையிலேயே இருக்க, கை மட்டும் போய் வேலையை முடித்துவிட்டு வர முடிகிறதா? 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 2 வினாடியில் 44 மீட்டர் கடந்துவிடும். நம் நெடுஞ்சாலைகளில் அந்த 44 மீட்டருக்குள் ஒரு பைக் எதிர்த்திசையில் வரலாம், மாடு குறுக்கே வரலாம், மீடியன் இடைவெளியில் டிராக்டர் திரும்பலாம். ஒலியின் தரம், விலை, அழகு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஸ்வீடனின் ‘வி பீலேகரே’ என்ற கார் பத்திரிகை 2022ல் இதை அளந்தே பார்த்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கைச் சூட்டைப் போடுவது, வானொலியில் குறிப்பிட்ட ஒரு நிலையத்தை வைப்பது போன்ற சில வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். ஓட்டுபவர்களுக்கு முன்கூட்டியே காரைப் பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பட்டனும் திருகுமாக இருந்த 2005ஆம் வருட வால்வோ வி70 காரில் எல்லாம் 10 வினாடியில் முடிந்தது. அதற்குள் வண்டி போன தூரம் 306 மீட்டர். அதே வேலைகளைத் திரையை நம்பி இருந்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் முடிப்பதற்குள் வண்டி 1,372 மீட்டர் போய்விட்டது.

ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பும் 2026லிருந்து இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு உணரக்கூடிய தனிப் பட்டன் இருந்தால்தான் முழு மதிப்பெண். ஸ்டீரியோ அந்தப் பட்டியலில் இல்லை. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருக்கிற செட்டை முழுக்கப் பயன்படுத்துகிறோமா?

மாற்ற நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான். கையேட்டைத் திறக்காமலே வண்டியை ஓட்டிவிடலாம் என்பதால், செட்டில் இருக்கும் பாதி வசதி கடைசிவரை தெரியாமலே போகிறது. ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று நினைத்துப் பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் செலவழித்துப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டே செய்யுங்கள், ஆனால் மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். சின்னக் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. ஏற்கெனவே சோர்ந்துபோன பேட்டரி என்றால், இன்ஜின் ஓடாமல் நீண்ட நேரம் செட்டை ஓடவிட்டபின் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கலாம்.

முதலில் எஃப்எம். 1 முதல் 6 வரை எண் போட்ட பட்டன்கள் நிலையங்களை நினைவில் வைப்பதற்கு. வேண்டிய நிலையத்தை வைத்து, ஒரு எண்ணை ‘பீப்’ சத்தம் வரும்வரை அழுத்திப் பிடித்தால் பதிந்துவிடும். எஃப்எம்1, எஃப்எம்2 என்று இரண்டு அடுக்கு இருந்தால் 12 நிலையம் வைக்கலாம். ஏஎஸ்டி அல்லது பிஎஸ்எம் என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தினால் அந்த இடத்தில் பலமாகக் கிடைக்கும் நிலையங்களை அதுவே தேடிப் பதிந்துகொள்ளும். வெளியூர் போகும்போது இது உதவும். ஆனால் நாம் கையால் பதிந்ததை அழித்துவிட்டு அதன்மேல் எழுதும் செட்டுகளும் உண்டு. அதனால் எஃப்எம்1ல் நம் ஊர் நிலையங்களை வைத்துக்கொண்டு, தானாகத் தேடுவதை எஃப்எம்2ல் மட்டும் செய்வது நல்லது.

தமிழ்நாட்டுக்குள் ஓடும் வண்டிக்கு இன்னொரு வசதி இருக்கிறது. சூரியன் எஃப்எம் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் திருச்சியிலும் அதே 93.5ல்தான் வருகிறது. ஹலோ எஃப்எம் இந்த நான்கு ஊரிலும் 106.4. மிர்ச்சி சென்னை, கோவை, மதுரையில் 98.3. ஆக இந்த மூன்று எண்ணையும் பதிந்துவிட்டால் ஊர் மாறினாலும் விரல் மாற வேண்டியதில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் சென்னை நிலையம் மங்கத் தொடங்கும். வழியில் கொஞ்ச நேரம் இரைச்சல், அடுத்த ஊர் நெருங்கும்போது அதே எண்ணில் அந்த ஊர்க் குரல். தென்மாவட்டங்களில் ஓட்டுபவர்கள் 100.5ஐயும் கட்டாயம் பதிந்துகொள்ளுங்கள். அது அரசு வானொலியின் கொடைக்கானல் எஃப்எம். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் எட்டும். மலைமேல் நிற்கும் கொடைக்கானல் ஒலிபரப்பி கீழே பல மாவட்டங்களுக்குக் கேட்பது இதனால்தான்.

அப்புறம் ஸ்டீயரிங் பட்டன். கம்பெனி செட்டின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன். இதிலும் குட்டி அழுத்தலுக்கு ஒரு வேலை, நீண்ட அழுத்தலுக்கு வேறு வேலை. பல செட்டுகளில் எஃப்எம் ஓடும்போது அம்புக்குறியை லேசாகத் தட்டினால் அடுத்துப் பதிந்துவைத்த நிலையத்துக்குப் போகும், அழுத்திப் பிடித்தால் அடுத்துக் கிடைக்கும் நிலையத்தைத் தேடும். பென் டிரைவ் ஓடும்போது அதே பட்டன் அடுத்த பாட்டுக்குப் போகும். மோட் அல்லது சோர்ஸ் என்ற பட்டன் எஃப்எம், யூஎஸ்பி, ஆக்ஸ் (வெளிக் கருவியின் ஒலியை ஒயரில் வாங்கும் துளை), புளூடூத் என்று வரிசையாகச் சுற்றிவரும். அந்த வரிசையை ஒருமுறை மனதில் வாங்கிவிட்டால் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். எத்தனை தட்டு என்பதைக் கை தெரிந்துவைத்திருக்கும்.

ஒலி அமைப்புகளில் பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் கண்டுபிடியுங்கள். பேலன்ஸ் இடது வலது, ஃபேடர் முன் பின். பின்சீட்டில் குழந்தை தூங்கினால் ஃபேடரை முன்னால் தள்ளிவிட்டால் போதும், ஒலியைக் குறைக்க வேண்டியதில்லை. ‘பாஸ் பத்தவில்லை’ என்று எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவைப்பது வழக்கம். கம்பெனி ஸ்பீக்கரின் மெல்லிய கோன் அதைத் தாங்காமல் கரகரக்கும். ஏற்ற நினைப்பதைக் கொஞ்சமாக ஏற்றிவிட்டு மற்றதைக் குறைத்துப் பாருங்கள், பேச்சும் பாட்டும் தெளிவாகப் பிரியும். வேகத்துக்கு ஏற்ப ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி பல வண்டிகளில் இருக்கிறது. மெனுவுக்குள் எஸ்விசி, ஸ்பீட் வால்யூம் என்பது போன்ற பெயரில் அணைந்தே கிடக்கும். நடுத்தர அளவில் போட்டுவைத்தால் நெடுஞ்சாலையில் ஏறும்போது ஒலித் திருகைத் தொடும் வேலையே குறைந்துவிடும்.

போன் பேச்சின் ஒலி அளவு பல செட்டுகளில் தனியாக நினைவில் இருக்கும். பாட்டு ஓடும்போது எவ்வளவு கூட்டினாலும் அது மாறாது. அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே திருகினால்தான் மாறும். ‘புளூடூத்தில் பேசினால் கேட்கவே இல்லை’ என்ற புகாரில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

பென் டிரைவ் படிக்கவில்லை என்றால் செட் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய செட்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவைத்தான் படிக்கும். இன்று கடையில் வாங்கும் 64 ஜிபி டிரைவ் பல எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. கணினியில் ஃபேட்32க்கு மாற்றிவிட்டு, பாட்டுகளை எம்பி3யாக வைத்து, பத்துப் பன்னிரண்டு ஃபோல்டராகப் பிரித்துப் போடுங்கள். ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால் பழைய திரைகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ் எழுத்துருவே இல்லாமல் நமக்கு விற்கப்பட்ட செட்டுகள் அவை, அது எனக்கு எப்போதும் வருத்தம்தான். ஃபோல்டர் பெயரை 01, 02 என்று எண்ணில் தொடங்குவதுதான் இப்போதைக்கு வழி.

பேட்டரி மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. செட்டுக்கு வரும் மஞ்சள் ஒயர் எப்போதும் 12 வோல்ட் கொடுத்து நினைவைக் காக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் அந்த மின்சாரம் அறுபட்டு, பதிந்த நிலையங்கள் போய்விடலாம். சில வண்டிகளில் திருட்டைத் தடுக்கும் ரகசிய எண்ணையும் செட் கேட்கும். கையேட்டுப் பையில் ஒரு சின்ன அட்டையில் அந்த எண் இருக்கும். செகண்ட் ஹாண்ட் வண்டி வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தவறான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் செட் பூட்டிக்கொள்ளும். செகண்ட் ஹாண்டில் இன்னொன்று: முந்தைய உரிமையாளரின் போனும் தொடர்பு எண்களும் புளூடூத் பட்டியலில் அப்படியே இருக்கும், முதல் நாளே அழித்துவிடுங்கள்.

சின்னக் கருவி சேர்ப்பது

இவ்வளவும் செய்தபின்னும் போனில் இருக்கும் பாட்டு வேண்டும் என்றால், ஸ்டீரியோவைக் கழற்றாமலே இரண்டு வழி உண்டு.

ஒன்று, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். சில நூறு ரூபாய்தான். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, ஒரு காலி அலைவரிசையில் வண்டிக்குள் மட்டும் ஒலிபரப்பும். சென்னை மாதிரி ஊரில் காலி அலைவரிசை கிடைப்பதே அரிது. ஒரு இடத்தில் கண்டுபிடித்து வைத்தாலும் அடுத்த ஊரில் அதே எண்ணில் வேறு நிலையம் வந்து ஏறிக்கொள்ளும். அப்போது டிரான்ஸ்மிட்டரையும் ரேடியோவையும் இரண்டையும் மாற்ற வேண்டும், அதுவும் ஓட்டிக்கொண்டே. என் அளவுகோலில் இது முதல் சுற்றிலேயே போய்விடுகிறது. ஆக்ஸ் துளையே இல்லாத வண்டிக்கு மட்டும், வேறு வழி இல்லாமல், இதைச் சொல்வேன்.

இன்னொன்று, ஆக்ஸ் துளையில் செருகும் புளூடூத் ரிசீவர். இதுதான் எனக்குப் பிடித்த வழி. விலை அதே சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. அலைவரிசைத் தொல்லை கிடையாது, ஒலியும் தெளிவு. 2014, 2015 வாக்கில் வந்த சில செட்டுகளில் புளூடூத் இருக்கும், ஆனால் பேச மட்டும்தான் வரும், பாட்டு வராது. காரணம், புளூடூத்தில் பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி, அடுத்த பாட்டு முந்தைய பாட்டு என்று கட்டளை அனுப்ப ஒரு வழி என மூன்றும் தனித்தனி. அந்தச் செட்டில் முதலாவது மட்டுமே இருக்கும். அந்த வண்டியில் பேச்சைக் கம்பெனி புளூடூத்துக்கும் பாட்டை ஆக்ஸ் ரிசீவருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனின் புளூடூத் அமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் எதெது வேண்டும் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

குறையும் இருக்கிறது. ஆக்ஸ் வழியாக ஒலி மட்டும்தான் போகும், ஸ்டீயரிங் பட்டனின் ‘அடுத்த பாட்டு’ கட்டளை போனுக்குப் போகாது. ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவே. ஆகவே கிளம்பும் முன்பே பாட்டு வரிசையை அமைத்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிடுங்கள். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டும்போது போனைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல் என்ற பிரிவிலேயே வருகிறது. போனின் ஒலியை முக்கால் பங்குக்கு மேல் வைத்துக்கொண்டு மீதியைக் காரின் திருகில் சரிசெய்தால் இரைச்சல் குறையும்.

போனையோ ரிசீவரையோ காரிலேயே சார்ஜ் போட்டதும் ‘ஙீ...’ என்று ஒரு சத்தம் சேர்ந்துகொள்வதுண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறும். ஆல்டர்னேட்டரின் சத்தம் அது. சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் வழியாகவும் இரண்டு இடத்தில் எர்த் ஆவதால் ஒலிக்குள் நுழைகிறது. ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் செருகும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பா இதை நிறுத்திவிடும். மட்டமான சார்ஜரும் டேஷ்கேமும் எஃப்எம்மையே கெடுப்பதுண்டு. ரேடியோ திடீரென இரைந்தால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், ஸ்டீரியோ மேல் பழியைப் போடுவதற்கு முன்னால்.

ஆண்ட்ராய்டு திரை

இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு செட் என்பது தானே ஒரு டேப்லெட்; செயலிகள் அதற்குள்ளேயே ஓடும். ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே என்பவை போனில் ஓடுவதை, ஓட்டுபவருக்கு ஏற்றபடி பெரிய எழுத்தில் திரைக்கு அனுப்புபவை. முதலாவதில் யூடியூப் உட்பட எல்லாம் திறக்கும். இரண்டாவதில் கவனத்தைச் சிதறடிப்பவற்றைத் தடுத்துவைத்திருக்கிறார்கள். வாங்குவதானால் இரண்டாவது கட்டாயம் இருக்கும் செட்டாகப் பாருங்கள், முதலாவது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிதில்லை.

திரையால் கிடைக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தெரியாத ஊர்களுக்கு அடிக்கடி போகிறவருக்கு, கண்ணாடிக்குக் கீழே ஒட்டிய போனைவிடப் பெரிய வரைபடம் நல்லது. ரிவர்ஸ் கேமரா பொருத்தலாம். நெருக்கடியான தெருவில் வீடு இருப்பவருக்கும், கழுத்தைத் திருப்ப முடியாத வயதானவருக்கும் அந்த ஒன்றுக்காகவே செலவு செய்யலாம். வாடகை வண்டி ஓட்டுபவருக்கு நாள் முழுக்க வரைபடமே வேலை. இவர்கள் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் விலைச்சீட்டில் எழுதாத இழப்புகள் நிறைய. முதல் இழப்பு, ஒலித் திருகு. விலை குறைந்த ஒன்பது அங்குலச் செட்டுகள் பலவற்றில் திருகே கிடையாது. ஓரத்தில் தொட்டால் வேலைசெய்யும் குறிகள் இருக்கும், கைக்கு அவை தட்டுப்படாது. சுங்கச்சாவடியில் ஆள் பேசும்போது, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போது, ஒலியைச் சட்டென்று குறைக்க ஒரு திருகு போல வேறு எதுவும் இல்லை. ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்தால் இந்தக் குறை பாதி தீரும். ஆனால் அதையும் பொருத்துபவர் சரியாக இணைக்க வேண்டும். பழைய வண்டிகளில் ஸ்டீயரிங் பட்டன்களிலிருந்து வருவது வெவ்வேறு மின்தடை அளவுதான். கீ1, கீ2 என்ற ஒயர்களில் இணைத்து, செட்டின் அமைப்பில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் கற்றுக்கொடுத்தால் போதும். கேன் பஸ் என்ற, வண்டியின் மின்னணுப் பாகங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு வழியாகத் தகவல் போகும் வண்டிகளில் அதற்கென்று தனி டப்பா வேண்டும். கடையில் ‘இந்த மாடலுக்கு ஸ்டீயரிங் பட்டன் வராது சார்’ என்றால் பல நேரம் அந்த டப்பா அவர்களிடம் இல்லை என்று பொருள்.

இரண்டாவது, ரேடியோ. திரை மாற்றியபின் ‘எஃப்எம் முன்பு மாதிரி எடுக்கவில்லை’ என்று சொல்லாதவர்கள் குறைவு. பெரும்பாலும் இரண்டு காரணம். பல வண்டிகளில் கூரையில் இருக்கும் குட்டி ஆன்டெனாவுக்குள் ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதற்குக் கம்பெனி செட் மின்சாரம் கொடுத்துவந்தது. புதுச் செட்டின் ஆன்டெனா மின் ஒயரை இணைக்காமல் விட்டுவிட்டால் அலை பலவீனமாகத்தான் வரும். பொருத்தும்போதே அந்த ஒயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த காரணம் சுவாரஸ்யமானது. வெளிநாட்டில் தயாரான செட்டில் ரேடியோவின் பிராந்தியம் அமெரிக்கா என்று இருந்தால் எஃப்எம் 0.2 மெகாஹெர்ட்ஸ் படியாக, ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே நகரும். 93.5 வரும், 98.3 வரும். ஹலோ எஃப்எம்மின் 106.4, அரசு வானொலியின் சென்னை ரெயின்போ எஃப்எம்மின் 101.4 இரண்டும் எவ்வளவு தேடினாலும் சரியாக நிற்காது. மீடியம் வேவிலும் இதே கதைதான். நம் நாட்டில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை, அமெரிக்காவில் 10. திருச்சி வானொலியின் 936 அந்தப் படியில் 930க்கும் 940க்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அமைப்புக்குள் போய்ப் பிராந்தியத்தை இந்தியா, ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றினால் சரியாகிவிடும். இது தெரியாமல் ‘செட்டே மட்டம்’ என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் சில ஆண்ட்ராய்டு செட்டுகளில் மீடியம் வேவ் பேருக்குத்தான் இருக்கும். வானொலியின் பழைய நிலையங்களை விரும்பிக் கேட்பவர் வாங்கும் முன்பே கடையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பேட்டரியும் வயரிங்கும். வண்டியை நிறுத்தியபின்னும் பல ஆண்ட்ராய்டு செட்டுகள் முழுக்க அணையாமல் உறக்க நிலைக்குப் போகின்றன, அடுத்தமுறை சீக்கிரம் எழுவதற்காக. வாரக்கணக்கில் எடுக்காமல் நிற்கும் வண்டியில் இது பேட்டரியைத் தின்னும். முழுக்க அணையும்படி மாற்றிவைத்தால், வண்டியை எடுத்து ரிவர்ஸ் போடும் நேரத்தில் செட் இன்னும் திறந்துகொண்டே இருக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை வண்டி எடுக்கும் பழக்கத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஒயரை வெட்டி இணைப்பதற்கு மட்டும் எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். உங்கள் வண்டி மாடலுக்கென்றே கப்ளர் கிடைக்கும், கம்பெனி கப்ளரில் அப்படியே செருகலாம். வாரண்டி இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டினால் மின்சாரக் கோளாறுக்கான வாரண்டி சிக்கலாகும். வாரண்டி முடிந்த வண்டியிலும், டேப் சுற்றிய இணைப்பு சில கோடைக்காலம் கழித்து எங்கே தளர்கிறது என்று தேடுவது பெரும்பாடு.

இன்னும் ஒன்று, நம் வெயில். மே மாதத்தில் வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். டேஷ்போர்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் திரைக்குள் அந்தச் சூட்டோடு அதன் சொந்தச் சூடும் சேரும். திணறி மெதுவாகும், சில நேரம் தானே அணைந்து எழும். நினைவகம் குறைந்த மலிவுச் செட்டுகளில் இது ஓரிரு வருடத்திலேயே தெரியும். கம்பெனி செட் பத்து வருடம் கழித்தும் சாவியைத் திருப்பியதும் பாடுகிறதே, அந்த நம்பகத்துக்கும் ஒரு விலை போட வேண்டும்.

நடுவழி

திரையும் வேண்டும் திருகும் வேண்டும் என்பவர்களுக்கு, பெயர்பெற்ற ஒலிக்கருவி நிறுவனங்களின் ஏழு அங்குலச் செட்டுகளில் நிஜமான பட்டன் வைத்தவை கிடைக்கின்றன. அளவு டபுள் டின், அதாவது 180க்கு 100 மில்லிமீட்டர். கம்பெனி செட் அதே அளவு என்றால், சுற்றியுள்ள சட்டத்தை (ஃபிரேமை) மாற்றினால் அப்படியே உட்கார்ந்துவிடும். விலை மலிவு ஆண்ட்ராய்டு செட்டைவிடக் கூடுதல், திரை சிறியது, செயலி எதுவும் உள்ளே ஏற்ற முடியாது. ஆனால் ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கும், ரேடியோ நன்றாக எடுக்கும், சீக்கிரம் திறக்கும். திரைக்கு உண்மையான தேவை இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், ஒன்பது அங்குலத்தை இல்லை.

இலங்கையில் இருக்கும் வாசகர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. ஜப்பானிலிருந்து இறக்கிய வாகனத்தின் செட், ஜப்பானின் எஃப்எம் பட்டைக்கு ஏற்ப 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90ல் அல்லது 95ல் நின்றுவிடும். அதற்கு மேலே இருக்கும் உள்ளூர் நிலையங்கள் கிடைக்காது. பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை ஆன்டெனா ஒயரில் சேர்த்தால் அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். ஆனால் திரையில் தெரியும் எண் ஒன்று, நிலையத்தின் எண் வேறாக இருக்கும். மெனுவும் ஜப்பானிய மொழியில். அங்கே செட்டை மாற்றுவதற்கான நியாயம் இங்கே இருப்பதைவிட வலுவானது.

எதை யார் எடுக்கலாம்?

உள்ளூருக்குள் ஓட்டுபவர், எஃப்எம்மும் பென் டிரைவும் கேட்பவர்: கம்பெனி செட்டையே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு காலை நேரத்தை மட்டும் அதற்குக் கொடுங்கள். ஒலி போதவில்லை என்றால் செட்டை விட்டுவிட்டு முன் கதவுகளின் இரண்டு ஸ்பீக்கரை மாற்றுங்கள். அதே பணத்தில் மாற்றம் அதிகம் தெரிவது அங்கேதான், கட்டுப்பாடுகள் எதுவும் இடம் மாறாது. போன் பாட்டு வேண்டும் என்பவருக்கு ஆக்ஸ் ரிசீவர். வரைபடத்துக்காகத் திரை வேண்டும் என்று நினைப்பவர், முதலில் போனின் வரைபடக் குரலைக் காரில் கேட்டுப் பாருங்கள். மேப்ஸ் அமைப்பில் குரலைப் புளூடூத் அழைப்பாக அனுப்பும் தேர்வு இருந்தால், எஃப்எம் ஓடும்போதே திருப்பம் சொல்லும் குரல் இடையில் வந்துபோகும். சிலருக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. அதற்கு மேலும் வேண்டும், கேமராவும் வேண்டும் என்றால் பட்டன் வைத்த ஏழு அங்குலம். ஒன்பது அங்குலம் வாடகை வண்டிக்கும், ஸ்டீயரிங் பட்டன் நன்றாக இணையும் வண்டிக்கும் மட்டும்.

எதைப் பொருத்தினாலும் பணத்தைக் கொடுக்கும் முன் கடை வாசலிலேயே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, நேராகச் சாலையைப் பார்த்தபடி ஒலியைக் குறையுங்கள், நிலையத்தை மாற்றுங்கள், ஒரு அழைப்பை எடுங்கள். 106.4 வருகிறதா பாருங்கள். ரிவர்ஸ் போட்டுக் கேமரா எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். சாவியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டுப் பதிந்த நிலையங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். கழற்றிய கம்பெனி செட்டையும் அதன் சட்டத்தையும் திருகாணிகளையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். புதுச் செட் பழுதாகி சர்வீசுக்குப் போனாலும், வண்டியை விற்க நேர்ந்தாலும், அரை மணி நேரத்தில் அதைத் திரும்ப மாட்டிவிடலாம்.